லிடியா பாட்டியின் கஷாயம் முதல் மெஃப்டால் வரை – மாதவிடாய் வலியின் கதை

1905 செப்டம்பரில் அமெரிக்காவின் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்ற பெண்கள் பத்திரிகை ஒரு கல்லறையின் புகைப்படத்தை அச்சிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்ற ஊரின் இடுகாட்டில் இருந்த கல் அது. பொறித்திருந்த பெயர் லிடியா பிங்கம். இறந்தது 1883 மே மாதம். அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு விளம்பரத்தையும் போட்டிருந்தார் ஆசிரியர் எட்வர்ட் பாக். பெண்களே, உங்கள் உடம்பில் என்ன கஷ்டம் இருந்தாலும் கூச்சப்படாமல் திருமதி பிங்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள், லின் நகரத்தில் இருந்து அவர் பதில் போடுவார் என்று சொன்ன விளம்பரம். அதாவது செத்து 22 வருஷம் ஆன ஓர் அம்மாவிடம் அமெரிக்கப் பெண்கள் மாதவிடாய் வலிக்கு யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதிலும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது!

குட்டு வெளிப்பட்டதும் கம்பெனி, "திருமதி பிங்கம் என்று நாங்கள் சொன்னது அவருடைய மருமகளை" என்று சமாளித்தது. சிரிப்புதான் வரும். ஆனால் இதில் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. பக்கத்துத் தெருவிலேயே டாக்டர் இருக்கும்போது அத்தனை பெண்கள் முகம் தெரியாத ஒருவருக்கு ஏன் எழுதினார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் மாதவிடாய் வலிக்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட கதை முழுவதும் கிடைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் பென்சிலின் கதை சொல்வார்கள், அம்மைத் தடுப்பூசி கதை சொல்வார்கள். இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.

லிடியா பிங்கம் டாக்டர் இல்லை. பள்ளி ஆசிரியையாக இருந்தவர், அடிமை ஒழிப்பு இயக்கத்தில் ஈடுபட்டவர். சமையலறை அடுப்பில் மூலிகைச் சாறு காய்ச்சி அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். 1873ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி வந்தது. நிலம் வாங்கி விற்றுக்கொண்டிருந்த அவருடைய கணவர் ஐசக் மொத்தமாகக் கவிழ்ந்தார். வீட்டில் காசு இல்லை. சும்மா கொடுத்த கஷாயத்தை விற்றால் என்ன என்று 1875ல் தொடங்கியதுதான் 'லிடியா பிங்கம் வெஜிடபிள் காம்பவுண்டு'. ஒரு பாட்டில் ஒரு டாலர். பிள்ளைகள் நோட்டீஸ் அச்சடித்து வீடு வீடாகப் போட்டார்கள். பிறகு பாஸ்டன் பத்திரிகையின் முதல் பக்கத்தில் விளம்பரம். 1879ல் பாட்டியின் முகத்தையே லேபிளில் போட்டார்கள். வெள்ளை முடி, அமைதியான சிரிப்பு. அந்த முகம் வந்தபின் விற்பனை ஏறியது ஏறியதுதான்.

பாட்டிலுக்குள் என்ன இருந்தது? சில அமெரிக்கக் காட்டு மூலிகைகளின் வேர்கள், அவற்றோடு வெந்தயம். ஆமாம், நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற அதே வெந்தயம். நம்மூர்ப் பாட்டிகள் "சூதக வலி"க்கு மோரில் வெந்தயம் போட்டுக் குடிக்கச் சொல்வதும், லின் ஊர்ப் பாட்டி பாட்டிலில் அடைத்ததும் ஒரே விதை! (வெந்தயத்தை நவீன முறைப்படி சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 2014ல் ஈரானில் கல்லூரி மாணவிகளிடம் நடந்த சோதனையில் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் இப்படிப்பட்ட சோதனைகளை எல்லாம் சேர்த்து எடைபோட்ட 2016ம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு, வெந்தயம், இஞ்சி போன்றவற்றுக்கு ஆதாரம் ரொம்பக் குறைவு என்றே சொன்னது. கெடுதல் இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது.)

வெந்தயத்தைத் தவிர பாட்டிலில் இன்னொன்றும் இருந்தது. ஆல்கஹால், சுமார் 18 முதல் 20 சதவீதம். ஒயினைவிடக் காட்டமான சரக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால் பிங்கம் குடும்பம் மதுவிலக்கு ஆதரவுக் குடும்பம். மூலிகை கெடாமல் இருக்கத்தான் சேர்க்கிறோம் என்றார்கள். 1906ல் அமெரிக்காவில் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்தபிறகுதான் ஆல்கஹால் எவ்வளவு என்பதை லேபிளில் போட வேண்டியதாயிற்று. கஷாயம் குடித்த பெண்களுக்கு வலி கொஞ்சம் மறந்ததற்கு வேரைவிட இதுவே காரணமாக இருந்திருக்கும் என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்காக ஒரு கொசுறுத் தகவல். 1925ல் இந்தக் கஷாயத்தின் விற்பனை சுமார் 38 லட்சம் டாலர். கம்பெனியின் வாரிசுகளுக்குள் சண்டை வந்து கோர்ட்டுக்குப் போனதில், வருஷா வருஷம் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு, விற்பனை எவ்வளவு என்ற கணக்கெல்லாம் வெளியே வந்துவிட்டது. வருமானத்தில் பாதி அளவுகூட விளம்பரத்துக்கே போன வருஷங்கள் உண்டு. பொதுவாக எந்தக் கம்பெனியும் இந்தக் கணக்கை வெளியே விடாது. எனவே பொருளாதார ஆய்வாளர்களுக்கு இது புதையல் மாதிரி ஆயிற்று. கிறிஸ்டியன் பால்டா என்பவர் 1964ல், விளம்பரத்தின் பலன் அடுத்தடுத்த வருஷங்களுக்கும் நீடிக்குமா என்று அளந்து பார்த்தது இந்தப் பிங்கம் கணக்கை வைத்துத்தான். மார்க்கெட்டிங் ஆராய்ச்சியில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் புள்ளிவிவரம், பெண்களின் அடிவயிற்று வலியில் இருந்து பிறந்தது.

சரி, டாக்டர்களிடம் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு வருவோம்.

போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்த்தால் பாட்டியின் கஷாயம் எவ்வளவோ மேல். 1872ல் ஜார்ஜியா மாநிலத்து டாக்டர் ராபர்ட் பேட்டி, மாதவிடாய்க் கோளாறால் துன்பப்பட்ட ஒரு பெண்ணுக்கு அறுவை செய்து சினைப்பைகளை எடுத்துவிட்டார். அந்தச் சினைப்பைகளில் கட்டி இல்லை, நோய் இல்லை. மாதவிடாயையே நிறுத்திவிட்டால் தொல்லை தீரும் என்பது அவர் கணக்கு. அந்தப் பெண் பிழைத்தார். உடனே அது 'பேட்டி ஆபரேஷன்' என்று பெயர் பெற்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது. அதைச் செய்துகொண்ட எல்லாரும் பிழைக்கவில்லை. தலைவலிக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம் என்று நாம் கேலியாகச் சொல்வதை அவர்கள் நிஜமாகவே செய்தார்கள்.

கத்தி வேண்டாம் என்றால் அபின் இருந்தது. கஞ்சாவும் இருந்தது. கல்கத்தாவில் வேலை பார்த்த ஓஷாக்னெஸ்ஸி என்ற டாக்டர் 1839ல் இந்தியக் கஞ்சாவின் மருத்துவக் குணம் பற்றி எழுதியபின் அது இங்கிலாந்துக்குப் போனது. ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் என்ற அரண்மனை டாக்டர் 1890ல் 'லான்செட்' இதழில் தன் முப்பது வருஷத்துக் கஞ்சா அனுபவத்தை எழுதினார். இதை வைத்து, விக்டோரியா மகாராணியே மாதவிடாய் வலிக்குக் கஞ்சா எடுத்துக்கொண்டார் என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு எழுத்து ஆதாரம் எதுவும் இல்லை. 1890ல் மகாராணிக்கு 71 வயது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்!

இதே காலத்தில் வலியைக் காரணம் காட்டிப் பெண்களைப் படிக்க விடாமல் செய்யும் வேலையும் நடந்தது. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க் 1873ல் ஒரு புத்தகம் எழுதினார். மாதவிடாய் நாட்களில் பெண் படித்தால் கருப்பைக்குப் போக வேண்டிய ரத்தம் மூளைக்குப் போய்விடும், ஆகவே ஆண்களைப் போல அவர்களைப் படிக்க வைப்பது ஆபத்து என்பது சாரம். புத்தகம் பிய்த்துக்கொண்டு விற்றது.

அதற்குச் சரியான அடி கொடுத்தவர் மேரி புட்னம் ஜேக்கபி. நியூயார்க் டாக்டர். ஹார்வர்ட் நடத்திய பாய்ல்ஸ்டன் கட்டுரைப் போட்டியின் தலைப்பே மாதவிடாய் நேரத்தில் பெண்ணுக்கு ஓய்வு அவசியமா என்பதுதான். ஜேக்கபி ஒரு காரியம் செய்தார். அதுவரை எந்த ஆண் டாக்டரும் செய்யத் தோன்றாத காரியம். பெண்களிடமே கேட்டார்! கேள்வித்தாள் அச்சடித்து அனுப்பினார், 268 பேர் பதில் போட்டார்கள். நாடித்துடிப்பு, தசை வலிமை எல்லாம் அளந்தார். ஓய்வு கட்டாயம் என்பதற்கு உடலில் எந்த ஆதாரமும் இல்லை, சுறுசுறுப்பாக இருப்பவர்களுக்கும் நன்றாகப் படித்தவர்களுக்கும் வலி குறைவாகவே இருக்கிறது என்று முடித்தார். போட்டிக்குப் பெயர் போடாமல்தான் கட்டுரை அனுப்ப வேண்டும். 1876ல் பரிசு அறிவித்தபிறகுதான் எழுதியவர் பெண் என்று தெரிந்தது. பரிசு கொடுத்த ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி பெண் மாணவிகளைச் சேர்த்துக்கொண்டது 1945ல்.

இந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பான் 1947ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே மாதவிடாய் விடுப்பைச் சேர்த்தது. பீகார் அரசு 1992ல் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தது. ஸ்பெயின் 2023ல் சட்டம் போட்டது. ஆனால் 2024 ஜூலையில் நம் சுப்ரீம் கோர்ட் இந்த விஷயத்தை அரசிடம் விட்டபோது சொன்ன கவலை, விடுப்பைக் கட்டாயமாக்கினால் முதலாளிகள் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்களே என்பது. வலி இருக்கிறது என்று சொன்னால் வேலை போகும், இல்லை என்று சொன்னால் வலியோடு வேலை பார்க்க வேண்டும். ஜேக்கபி காலத்துப் பெண்களும் இதே கயிற்றின் மேல்தான் நடந்தார்கள். கிளார்க்குக்குப் பதில் சொல்வதற்காகத் தங்கள் வலியைக் குறைத்துச் சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கு இருந்தது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தது. ஸ்டான்ஃபோர்டில் இருந்த கிளீலியா மோஷர் என்ற டாக்டர், இறுக்கமான உள்ளாடையும் உடற்பயிற்சி இல்லாததுமே வலிக்குக் காரணம் என்று சொல்லி, படுத்துக்கொண்டு வயிற்றை ஏற்றி இறக்கி மூச்சு விடும் பயிற்சி ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். மாணவிகள் அதற்கு 'மோஷர்' என்றே பெயர் வைத்தார்கள். ஆஸ்பிரினை 1899ல் பேயர் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. கடைகளில் பெண்களுக்கென்றே கலவை மாத்திரைகள் வந்தன.

இதன்பிறகு வந்ததுதான் கதையிலேயே மோசமான கட்டம். கத்தியைக் கீழே வைத்த டாக்டர்கள் மனோதத்துவத்தைக் கையில் எடுத்தார்கள். உடலைப் பரிசோதித்தால் கோளாறு எதுவும் தெரியவில்லை, ஆகவே கோளாறு மனதில்தான் என்று தீர்ப்பு எழுதினார்கள். பெண்மையை ஏற்றுக்கொள்ளாத மனம், நரம்புத் தளர்ச்சி, வேலைக்குப் போகாமல் இருக்க ஒரு சாக்கு, அம்மாவைப் பார்த்துப் பழகியது என்று என்னென்னவோ. பாடப்புத்தகங்களிலேயே இப்படி எழுதியிருந்தது. அதைப் படித்துத் தேர்வு எழுதிப் பாஸ் ஆன டாக்டர், எதிரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் வேறென்ன சொல்வார்? "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஒரு குழந்தை பெற்றால் சரியாகிவிடும்" என்ற வாக்கியம் நம்மூரில் இன்றும் கேட்கிறதே, அதன் ஆங்கில அண்ணன் அது.

1973ல் ஜீன் லென்னேன், ஜான் லென்னேன் என்ற தம்பதி 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாதவிடாய் வலி, கர்ப்பகால வாந்தி, பிரசவ வலி ஆகியவற்றை மனநோய் என்று சொல்வதற்கு ஆதாரம் எங்கே? உடல் காரணங்களுக்குத் தெளிவான ஆதாரம் இருக்கும்போதே இப்படிச் சொல்வது பெண்கள் மீதுள்ள பாரபட்சம்தானே என்று நேராகவே கேட்டார்கள். அவர்கள் சொன்ன ஆதாரம் அப்போதே 16 வருஷம் பழையது.

அந்த ஆதாரத்தின் கதை ஓர் ஆணில் இருந்து தொடங்குகிறது. 1930ல் நியூயார்க்கில் குர்ஸ்ராக், லீப் என்ற இருவர் கருப்பைத் தசைத் துண்டின் மீது விந்துவை விட்டுப் பார்த்தார்கள். தசை சில சமயம் சுருங்கியது, சில சமயம் தளர்ந்தது. விந்துவில் ஏதோ பொருள் இருக்கிறது. ஸ்வீடனில் வான் ஆய்லர் இதை மேலும் ஆராய்ந்து, அந்தப் பொருள் ஆணின் புராஸ்டேட் சுரப்பியில் இருந்து வருவதாக நினைத்து 'புராஸ்டாகிளாண்டின்' என்று பெயர் சூட்டினார். பெயரே தப்பு. விந்துவில் இருப்பது பெரும்பாலும் வேறொரு சுரப்பியில் இருந்து வருகிறது. அதைவிட முக்கியம், ஆண் பெண் இருவர் உடம்பிலும் அநேகமாக எல்லாத் திசுக்களும் இதை உண்டாக்குகின்றன. பெண்களின் அத்தனை வலிக்கும் காரணமான பொருளுக்கு ஆண் சுரப்பியின் பெயர் நிலைத்துவிட்டது. இன்றுவரை மாற்றவில்லை.

1957ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் வெர்னான் பிக்கிள்ஸ் என்ற உடலியல் ஆராய்ச்சியாளர் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார். மாதவிடாய் ரத்தத்தில் தசையைச் சுருங்க வைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்ற குறிப்பு. அந்த ரத்தத்தைச் சேகரித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆராய்ச்சியாளருக்குத் தோன்றியதே பெரிய விஷயம். தீட்டு என்று ஒதுக்குகிற வழக்கம் நமக்கு மட்டும் சொந்தம் இல்லை. ஆய்வுக்கூடங்களும் அதைத் தொடாமல்தான் வைத்திருந்தன. 1963ல் பிக்கிள்ஸும் கூட்டாளிகளும் அந்தப் பொருள் புராஸ்டாகிளாண்டின்தான் என்று உறுதி செய்தார்கள். 1965ல், வலி உள்ள பெண்களையும் இல்லாத பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. வலி உள்ளவர்களிடம் சுருங்க வைக்கும் வகை அதிகம்.

நடப்பது இதுதான். மாதக் கடைசியில் புரொஜெஸ்டிரான் ஹார்மோன் குறைகிறது. கருப்பையின் உள்படலம் கழன்று விழத் தயாராகும்போது புராஸ்டாகிளாண்டினை ஏராளமாக வெளியிடுகிறது. கருப்பை என்பது தசையால் ஆன பை. அது இறுகிப் பிழிகிறது. பிழிகிற வேகத்தில் தசைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களும் நசுங்கி, தசைக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது. மாரடைப்பில் இதயத் தசை வலிப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: ரத்தம் கிடைக்காத தசை கத்துகிறது. அதே பொருள் குடலையும் முறுக்குவதால் வயிற்றுப்போக்கு, வாந்தி, தலைசுற்றல். பெண்மையை ஏற்காத மனமாம்!

1971ல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் வகை மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்ற பழைய புதிரை அவிழ்த்தார். உடலில் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே அவை தடுக்கின்றன. (இதற்காக 1982ல் பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன் என்ற ஸ்வீடன்காரர்களோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) இப்போது இரண்டையும் கூட்டிப் பாருங்கள். வலிக்குக் காரணம் இந்தப் பொருள், இந்தப் பொருளைத் தடுக்க மருந்து உண்டு. மெஃபெனாமிக் அமிலம் 1960களிலேயே பார்க் டேவிஸ் கம்பெனியிடம் இருந்தது. இப்யூபுரோஃபென் மாத்திரையை பூட்ஸ் கம்பெனி 1969ல் இங்கிலாந்தில் 'புரூஃபென்' என்று விற்கத் தொடங்கியிருந்தது. எதற்கு? மூட்டுவாதத்துக்கு. மூட்டு வலிக்கான மாத்திரை மருந்துக்கடை அலமாரியில் இருக்க, அதே கடை வாசலில் இந்த வலியோடு பெண்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

1974ல் இஸ்ரேலில் ஒரு குழு ஃபுளூஃபெனாமிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்து வலி குறைவதைக் காட்டியது. 1978ல் இங்கிலாந்தில் இன்னொரு சோதனை. 1979ல் அமெரிக்கக் குடும்ப டாக்டர் பென்னி வைஸ் பட்ஆஃப் மெஃபெனாமிக் அமிலச் சோதனையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். அடுத்த வருஷமே சாதாரணப் பெண்களுக்குப் புரியும்படி ஒரு புத்தகமும் எழுதினார். டாக்டர்கள் இதழைப் படிப்பதற்குள் பெண்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு டாக்டரிடம் போய் மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். பிக்கிள்ஸின் குறிப்பில் இருந்து இதுவரை 22 வருஷம். பாட்டி செத்தபிறகு கடிதம் எழுதிய பெண்கள் காத்திருந்ததும் 22 வருஷம்தான், தற்செயல்.

கருத்தடை மாத்திரையின் கதையும் இதற்குள் வருகிறது. உலகின் முதல் கருத்தடை மாத்திரையான 'எனோவிட்' 1957ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாக. சாப்பிட்டால் கரு உண்டாகாது என்பது எச்சரிக்கையாக எழுதப்பட்டிருந்தது! திடீரென்று லட்சக்கணக்கான அமெரிக்கப் பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறு வந்ததில் ஆச்சரியம் இல்லை. கருத்தடைக்கென்று அனுமதி வந்தது 1960ல். உள்படலம் மெலிதாவதால் இந்த மாத்திரை வலியையும் குறைக்கும். ஜப்பானில் குறைந்த அளவு ஹார்மோன் மாத்திரைக்குப் பல ஆண்டுகள் இழுத்தடித்து 1999 ஜூனில்தான் கருத்தடைக்கு அனுமதி கொடுத்தார்கள். அதே 1999 ஜனவரியில் வயாக்ராவுக்கு ஆறே மாதத்தில் அனுமதி கிடைத்திருந்தது. ஜப்பானியப் பெண்கள் இதைச் சும்மா விடவில்லை, சண்டை போட்டார்கள். ஜூனில் அனுமதி வந்ததற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

மருந்து கிடைத்தபின் வியாபாரம் சும்மா இருக்குமா? ஆஸ்திரேலியாவில் நூரோஃபென் என்ற பெயரில் முதுகு வலிக்கு ஒன்று, ஒற்றைத் தலைவலிக்கு ஒன்று, மாதவிடாய் வலிக்கு ஒன்று, சாதாரணத் தலைவலிக்கு ஒன்று என்று நான்கு நிற டப்பாக்களில் விற்றார்கள். நான்கிலும் இருந்தது ஒரே மருந்து, ஒரே அளவு: இப்யூபுரோஃபென் லைசின் 342 மில்லிகிராம். விலை மட்டும் சாதாரண நூரோஃபெனைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாத்திரைக்குப் போகும் வலி எது என்று மாத்திரைக்கு எப்படித் தெரியும்? நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2015 டிசம்பரில் இது மக்களை ஏமாற்றுவது என்று கோர்ட் சொன்னது. முதலில் போட்ட அபராதம் 17 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அது போதாது என்று மேல்முறையீட்டில் 2016 கடைசியில் 60 லட்சம் ஆக்கினார்கள். லேபிளில் பாட்டியின் முகத்தைப் போட்டு விற்றவர்களுக்கும் இவர்களுக்கும் உத்தியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாட்டியாவது வெந்தயம் சேர்த்தார்.

நம்மூருக்கு வந்தால் மெஃப்டால் ஸ்பாஸ். கல்லூரி ஹாஸ்டலில் இந்தப் பெயர் தெரியாத பெண் இருக்க மாட்டார். மெஃபெனாமிக் அமிலம் 250 மில்லிகிராம், இறுக்கத்தைத் தளர்த்தும் டைசைக்ளோமைன் 10 மில்லிகிராம். சட்டப்படி டாக்டர் சீட்டு இருந்தால்தான் தர வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் இரண்டு மாத்திரை கத்தரித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். 2023 நவம்பர் கடைசியில் இந்திய மருந்துத் தர ஆணையம், மெஃபெனாமிக் அமிலத்தால் மிக அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம், தோலில் தடிப்பும் காய்ச்சலும் உள்ளுறுப்புப் பாதிப்பும் ஏற்படலாம் என்று எச்சரித்தது. பத்திரிகைகள் பெரிதுபடுத்தியதில் பலர் பயந்து மாத்திரையையே விட்டுவிட்டார்கள். எச்சரிக்கை சொன்னது கவனமாக இருங்கள் என்பதைத்தான். இந்த வகை மாத்திரை எதையும் வெறும் வயிற்றில் போடக் கூடாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இன்னொரு விஷயம், வலி உச்சத்துக்குப் போனபின் போடுவதைவிடத் தொடங்கும்போதே போடுவது நன்றாக வேலை செய்யும். மேலே சொன்ன கதை புரிந்தால் காரணமும் புரியும். இது முக்கியமாக உற்பத்தியைத் தடுக்கிற மருந்து.

வெந்நீர்ப் பைக்கும் ஒரு நல்ல செய்தி. 2001ல் அமெரிக்காவில் அடிவயிற்றில் சுமார் 39 டிகிரி சூடு தரும் பட்டையையும் 400 மில்லிகிராம் இப்யூபுரோஃபெனையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், சூடு மாத்திரைக்குச் சமமாக நின்றது. துணியைச் சுருட்டிச் சூடு காட்டி ஒத்தடம் கொடுத்த பாட்டிகளுக்கு யாரும் நோபல் கொடுக்கவில்லை.

ஆனால் மாத்திரைக்கும் ஒத்தடத்துக்கும் அடங்காத வலி ஒன்று உண்டு. மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகும், மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வரும். கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலம் வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் அதற்கு ஒரு முக்கியமான காரணம். 1920களில் ஆல்பனி ஊர் டாக்டர் ஜான் சாம்ப்ஸன் இதற்குப் பெயர் வைத்து விளக்கமும் கொடுத்தார். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. காரணம் ஸ்கேன் மெஷின் இல்லாதது மட்டும் கிடையாது. "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்மா" என்று வீட்டிலும் சொல்லி, ஆஸ்பத்திரியிலும் சொல்லி அனுப்புவதுதான் பாதி வருஷங்களைத் தின்கிறது.

புது மருந்து எதுவும் வரவில்லையா என்றால், 2013ல் ஒரு சுவையான ஆய்வு வந்தது. பென்சில்வேனியாவில் ரிச்சர்ட் லெக்ரோ என்ற டாக்டர், கருப்பைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டினால் வலி குறையுமே என்று யோசித்து ஒரு பழைய மருந்தைச் சோதித்தார். சில்டெனாஃபில், அதாவது வயாக்ரா. வாயால் விழுங்காமல் பிறப்புறுப்பில் வைக்கும் முறையில் கொடுத்தபோது நான்கு மணி நேரத்தில் வலி நன்றாகக் குறைந்தது, தலைவலி போன்ற பக்க விளைவுகளும் அதிகம் இல்லை. ஆனால் சோதனையில் இருந்தவர்கள் 25 பேர் மட்டும். திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுவதற்குள் ஆராய்ச்சிக்கான பணம் தீர்ந்துவிட்டது.